அடுப்படியில் அவர்

கேஸைத் திறந்துவிட்டாரா என்று தெரியவில்லை. சிலிண்டரைத் திறந்தால் சின்னதாக ஒரு கிறீச் சத்தம் வரும், வரவில்லை, இல்லை வந்து நான்தான் கவனிக்கவில்லையோ என்னவோ, இந்த ஃபேன் வேறு கடகடவென்று ஓடுகிறது, அதை நிறுத்தலாம் என்றால் சுவிட்ச் கதவோரம் இருக்கிறது, அதற்கும் அவரைத்தான் கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் அடுப்பை அப்படியே போட்டுவிட்டு வந்து நிற்பார். இடது பக்க அடுப்பு மட்டும் வேண்டாம் கடவுளே. ஜன்னல் காற்றுக்கு அது சட்டென்று அணைந்துவிடும், அணைந்தது தெரியாது, கேஸ் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும், நான் என்றால் மூக்கிலேயே கண்டுபிடித்துவிடுவேன், அவர் அங்கே நின்றுகொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருப்பார், அப்புறம் லைட்டரை எடுத்து இன்னொரு தடவை அழுத்துவார், அவ்வளவுதான்.

"என்னங்க."

ஏதோ பாத்திரம் உருண்டது.

"என்னங்க, இடது அடுப்பு வேண்டாம். வலதுல வைங்க."

"சரி சரி. நீ படு."

படுத்துத்தான் இருக்கிறேன். படுப்பதைத் தவிர வேறு எதுவும் செய்யக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார். கர்ப்பப்பையை எடுத்துப் பத்து நாள் ஆகிறது, அடிவயிற்றில் குறுக்கே தையல், குனியக் கூடாது, ஒரு சொம்புத் தண்ணீருக்கு மேல் தூக்கக் கூடாது, இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும். சிரிப்புக்கும் அப்படியே, ஆனால் சிரிப்பு ஒன்றும் வரவில்லை. இத்தனை நாளும் தங்கை வசந்தா இருந்தாள், அவள் கையில் அடுப்படி இருந்தது, நான் நிம்மதியாகக் கண்ணை மூடினேன். காலையில் அவள் ஒட்டன்சத்திரம் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள், அவள் வீட்டிலும் ஆட்கள் சாப்பிட வேண்டுமே. மதியத்துக்குத் தெருமுனை மெஸ்ஸில் சொல்லியிருந்தோம். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, மெஸ் கிடையாது என்பது இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். ரொட்டி வாங்கிட்டு வாங்க போதும் என்றேன். வாசல்படியில் செருப்பைக் கழற்றியபடி, வேண்டாம் நானே பாத்துக்கறேன் என்றார். நானே பாத்துக்கறேன். இந்த மனிதர். முப்பது வருஷமாக அந்த அடுப்படிக்குள் தண்ணீர் குடிக்க மட்டுமே போனவர், அதுவும் பெரும்பாலும் ஹாலில் இருந்தே "தண்ணி" என்பார், நான் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியுமா. சர்க்கரை டப்பாவும் அதுவும் ஒரே மாதிரி இருக்கும், நான் தொட்டாலே தெரியும் என்று பெயர் எழுதி ஒட்டவில்லை. அரிசிக்குத் தண்ணீர் எவ்வளவு வைப்பார். குக்கர் கேஸ்கெட் தளர்ந்துவிட்டது, மூடியை ஒரு பக்கம் அழுத்திப் பிடித்துத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் ஆவி எல்லாம் பக்கவாட்டில் போகும், விசில் வராது, விசில் வரவில்லையே என்று காத்துக்கொண்டே நிற்பார், அடியில் பிடித்துக் கருகும். போய்ச் சொல்லிவிட்டு வந்தால் என்ன. நான்கு எட்டுதான். எழுந்தால் தையல் இழுக்கும், எழுந்ததைப் பார்த்தால் சத்தம் போடுவார். ஸ்டாஃப் ரூமில் நாங்கள் எல்லாரும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டு இதைத்தான் பேசுவோம். எங்க வீட்டுக்காரருக்குச் சுடுதண்ணி வைக்கத் தெரியாது டீச்சர் என்பாள் ஒருத்தி. எங்க வீட்ல அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது என்பாள் இன்னொருத்தி. அப்படிச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். என் முகத்திலும் வந்திருக்கும். என்னமோ பெரிய சொத்து போல அதைச் சொல்லிக்கொண்டோம். அவர் மின்வாரியத்தில் இருந்து ரிட்டயர் ஆகி நான்கு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகும் நான்தான் இருட்டில் எழுந்து காலைக்கும் மதியத்துக்கும் சேர்த்துச் செய்து, அவருடையதை ஹாட்பேக்கில் வைத்து மூடி, என் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறேன். சாயங்காலம் வந்தால் தொட்டியில் அவர் தட்டு கிடக்கும். காய்ந்துபோகாமல் இருக்கட்டும் என்று அதில் தண்ணீர் ஊற்றி வைத்திருப்பார். அந்தத் தண்ணீரை நான் அன்பு என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

கத்தியை எடுத்துவிட்டார். பலகையில் வைக்கும் சத்தம் கேட்டது. விரலை வெட்டிக்கொள்ளப் போகிறார், அந்தக் கத்தியைப் போன மாதம்தான் சாணை பிடித்தேன், ரத்தம் வந்தால் பஞ்சு எங்கே இருக்கிறது, என் மாத்திரைப் பையில் இருக்கிறது, நான் எழுந்துதான் எடுக்க வேண்டும். டக் என்று ஒரு சத்தம், கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டக், அதற்குத்தான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறேன். ஆனால் வந்தது அது இல்லை. டக்டக்டக்டக்டக் என்று ஒரே சீராக, மூச்சு விடாமல், பலகையைக் கத்தி தொட்டும் தொடாமலும் போகிற சத்தம். நின்றது. மறுபடியும் டக்டக்டக்டக். யாரோ வந்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அம்மாவா, கதவு திறந்த சத்தம் கேட்கவில்லையே. டிவியில் ஏதாவது சமையல் நிகழ்ச்சி ஓடுகிறதா. இல்லை, டிவி இந்தப் பக்கம், சத்தம் அந்தப் பக்கம். கத்தியின் பட்டையால் எதையோ ஒரே தட்டு. பூண்டு. இன்னொரு தட்டு, இன்னொன்று. பூண்டை அப்படித் தட்டினால் தோல் தானாகக் கழன்றுவிடும், எனக்கு அது தெரியவே பத்து வருஷம் ஆயிற்று, அதற்கு முன்னால் நகத்தால் உரித்து உரித்து விரல் நுனி எரியும். அவர் தட்டுகிறார். விரலை வெட்டிக்கொண்டுவிடுவாரோ என்ற பயம் போய்விட்டது, அந்த இடத்தில் வேறு ஒரு பயம் வந்து உட்கார்ந்திருக்கிறது, அதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை. பத்து வருஷம் ஒரு வீட்டில் குடியிருந்துவிட்டு, அலமாரிக்குப் பின்னால் ஒரு கதவு இருப்பதை இப்போதுதான் பார்த்த மாதிரி.

எண்ணெய் காய்கிறது. கடுகு போடப் போகிறார், அவசரப்பட்டுப் போடுவார், பொரியாது. போடவில்லை. காத்திருக்கிறார். எண்ணெய் காய்வதற்காக ஒரு மனிதர் காத்திருப்பதைச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு கேட்க முடியும் என்று எனக்குத் தெரியாது. கடுகு விழுந்தது, ஒரே நேரத்தில் படபடவென்று வெடித்தது, வெங்காயம் விழுந்தது, அடுப்பைக் குறைத்தார். குறைத்தார்! பிறகு ஒரு வாசனை வந்தது. தக்காளியும் பூண்டும், கூடவே சோம்பு. நான் தக்காளிக் குழம்புக்குச் சோம்பு போடுவதில்லை. என் அம்மா போட்டதில்லை, அவருடைய அம்மாவும் போட்டதில்லை, செத்துப்போகும்வரை அந்தம்மா கையால் சாப்பிட்டிருக்கிறேன், எனக்குத் தெரியும். இது இந்த வீட்டு வாசனை இல்லை. யார் வீட்டு வாசனை? யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஒரு பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று மனசு அங்கேதான் முதலில் ஓடியது. மேட்டூரில் இருந்தாரே கல்யாணத்துக்கு முன்னால் ஐந்தாறு வருஷம், கேம்ப் குவார்ட்டர்ஸில். அதைப் பற்றி அவர் பேசியதெல்லாம் அணையில் தண்ணீர் திறந்துவிட்டது, பாம்பு வந்தது, யாரோ ஒருத்தர் கம்பத்தில் இருந்து விழுந்து பிழைத்தது. அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஒரு பெண்ணாக இருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. அது முடிந்துபோன கதை, அழுதுவிட்டு விட்டுவிடலாம். தெரிந்தே இருந்தாரே, தினமும் நான் எழுந்து போவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாரே, அதை என்ன செய்வது?

மகள் ஹேமா கைக்குழந்தையாக இருந்தபோது எனக்கு டைபாய்டு வந்தது. எழுந்து நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு கஞ்சி வைத்தேன், அவர் வாசலில் நின்று குழந்தையை வைத்துக்கொண்டு, என்ன செய்யணும் சொல்லு சொல்லு என்று தவித்தார், நான் சொல்லவில்லை, சொல்லிக் கொடுப்பதைவிடச் செய்வது சுலபம் என்று நினைத்தேன். அது போகட்டும். அது போகட்டும் என்று நினைக்கும்போதே மற்றது வந்துவிட்டது, வராமல் இருக்கட்டும் என்றுதான் இவ்வளவு நேரமும் குக்கரையும் கத்தியையும் நினைத்துக்கொண்டிருந்தேன் போல. ஆறேழு வருஷம் இருக்கும். எனக்குத் தலைமை ஆசிரியை பதவி உயர்வு வந்தது. இடம் மலையில், பண்ணைக்காட்டுப் பக்கம், தினமும் போய்வர முடியாது, வாரம் முழுக்க அங்கேயே தங்க வேண்டும். ஹேமா கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்விட்டாள், வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்குப் போக வேண்டும் என்று இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் இருந்தது. காலையில் பனியில் பிள்ளைகள் வரிசையில் நிற்பதும், என் மேசையும், ஒரு ஜன்னலும் எல்லாம் நினைத்துப் பார்த்தேன். அவர் போக வேண்டாம் என்று சொல்லவே இல்லை. இதை யாரிடம் சொன்னாலும் அப்புறம் என்ன டீச்சர் என்பார்கள். போறதுன்னா போ அரசி, நான் எப்படியாவது சமாளிச்சுக்கிறேன், பன்னு பிஸ்கட்டுன்னு ஓட்டிடலாம் என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்று சாயங்காலம் நான் வருவதற்குள் பால் காய்ச்சுகிறேன் என்று வைத்து, பால் பொங்கி வழிந்து, அடுப்பெல்லாம் தீய்ந்து, பாத்திரம் கறுத்துப்போய் இருந்தது. பாவமாக நின்றார். நான் அந்தப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே முடிவு பண்ணினேன். மறுநாள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அந்தப் பால். எண்ணெய் காயும்வரை நிற்கத் தெரிந்தவருக்குப் பால் பொங்குவது தெரியாமல் போகுமா. போகலாம், யாருக்கும் போகலாம், எனக்கே எத்தனை தடவை பொங்கியிருக்கிறது, போன் வந்திருக்கும், யாராவது வாசலில் கூப்பிட்டிருப்பார்கள். வேண்டுமென்றே பாலைப் பொங்க விடுகிற ஆள் இல்லை அவர். இல்லையா? முப்பது வருஷம் பக்கத்தில் படுத்தவரைப் பற்றி இல்லை என்று சொல்ல முடிய வேண்டாமா எனக்கு. நேற்று ஜெசிந்தா டீச்சர் போன் பண்ணினாள், கணக்கு எடுப்பவள், என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள். உன் பேர் மறுபடி ப்ரமோஷன் பேனல்ல இருக்கு அரசி, வர்ற வாரம் ஊர் ஒதுக்குற கலந்தாய்வு, ஆன்லைன்லதான், உடம்பு சரியானப்புறம் ஜாயின் பண்ணிக்கலாம், நான் கூடவே இருந்து பாத்துக்கறேன், இந்தத் தடவையும் வேண்டாம்னு சொல்லித் தொலைச்சுடாத என்றாள். பாக்கலாம் ஜெசி என்றேன். பாக்கலாம் என்றால் வேண்டாம் என்று அவளுக்கும் தெரியும். அவரிடம் சொல்லக்கூட இல்லை. சொன்னால் அவர் மறுபடியும் பன்னு பிஸ்கட் என்பார், மறுபடியும் நான் பாவம் பார்க்க வேண்டும், அதற்கு நானே வேண்டாம் என்று சொல்லிக்கொள்வது மேல் என்று விட்டுவிட்டேன். கோபத்தில் வயிறு இறுகுகிறது, தையல் சுருக்கென்று இழுக்கிறது, தலையணையை அணைத்துக்கொண்டேன். இருமலுக்கும் சிரிப்புக்கும் சொன்னார்கள், கோபத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. குக்கர் விசில் அடித்தது. கேஸ்கெட்டை அழுத்தித்தான் மூடியிருக்கிறார். இரண்டாவது விசில். மூன்றாவதற்கு அணைத்துவிட்டார்.

தட்டோடு வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், தோளில் என் பழைய துண்டு ஒன்று, நெற்றியெல்லாம் வேர்வை. முகம் பளிச்சென்று இருந்தது, அதை என்னால் தாங்க முடியவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தட்டை வைத்தார். என்னைத் தூக்கி உட்கார வைத்து முதுகுக்குத் தலையணை கொடுத்தார்.

"காரம் கம்மியாத்தான் போட்டிருக்கேன். உனக்கு இப்போ ஆகாது."

சோறு உதிரி உதிரியாக இருந்தது. பீன்ஸ் ஒரே அளவில் பொடிப் பொடியாக நறுக்கியிருந்தது, அளந்து நறுக்கிய மாதிரி. ஒரு வாய் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. நன்றாக இல்லாமல் இருந்திருக்கலாம். பசி வேறு, கை தானாக அடுத்த வாய்க்குப் போனது, அந்தக் கையின் மேலும் கோபம் வந்தது.

"எங்க கத்துக்கிட்டீங்க?"

"இதுவா?" சிரித்தார். "மேட்டூர்ல. நாங்க நாலு பேரு, முறை வச்சுச் சமைப்போம். என் முறைன்னா பக்கத்து குவார்ட்டர்ஸ்காரனும் தட்டைத் தூக்கிட்டு வந்துருவான். சோம்பு போடுறது சேலத்துக்காரன் ஒருத்தன் சொல்லிக் குடுத்தது. கை மறந்திருக்கும்னு நெனச்சேன், மறக்கல பாரேன்."

"ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே."

"சொல்றதுக்கு என்ன இருக்கு. ஊருக்கு வந்தா அம்மா இருந்தாங்க. அப்புறம் நீ வந்துட்ட. தேவைப்படல."

தேவைப்படவில்லை. சொல்லிவிட்டு ஜன்னல் திரையை இழுத்துவிட்டார், வெயில் என் முகத்தில் படுகிறதாம். நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதோடு விட்டுவிடலாம். நல்லா இருக்குங்க என்று சொன்னால் சாயங்காலமும் செய்வார், நாளைக்கும் செய்வார், என் தையல் ஆறும்வரை செய்வார், எல்லாரிடமும் நான் சொல்லிக்கொள்ளலாம், எங்க வீட்டுக்காரர் தங்கம் டீச்சர் என்று. நாக்கு நுனியில் அதுதான் இருந்தது. வந்தது வேறு.

"எனக்குப் பண்ணைக்காடு வந்துச்சே. அப்பவும் தேவைப்படலையா?"

திரையைப் பிடித்த கை அப்படியே நின்றது. தெருவில் யாரோ பழைய பேப்பர் பழைய பேப்பர் என்று கத்திக்கொண்டு போனான். பிறகு கட்டில் ஓரத்தில், என் கால்மாட்டில் வந்து உட்கார்ந்தார்.

"அன்னைக்குப் பால் பொங்குனது நெசமாவே பொங்குனதுதான்" என்றார்.

நான் பாலைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவர் மனசிலும் அது அங்கேயேதான் கிடந்திருக்கிறது, இத்தனை வருஷமும், அதே பாத்திரம்.

"ஆனா அது பொங்குனதும் எனக்கு ஒரு நிம்மதி" என்றார். துண்டால் கையைத் துடைத்தார், கை ஏற்கெனவே காய்ந்துதான் இருந்தது. "நீ போயிருவியோன்னு பயமா இருந்துச்சு அரசி. எனக்குச் சமைக்கத் தெரியும்னு சொல்லிட்டா, நீ போக வேண்டாம்னு சொல்ல எனக்கு வேற காரணமே இல்ல. வீட்ல தனியா இருக்க முடியாதுன்னு ஒரு ஆம்பளை எப்படிச் சொல்றது? சோத்தைச் சொன்னேன்."

எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கத்த வேண்டும் போல இருந்தது, வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன், கத்துவதற்கு இடம் இல்லை. ஒரு வார்த்தை, நீ இல்லாம பயமா இருக்கு என்று ஒரு வார்த்தை அன்றைக்குச் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன். போகாமலே இருந்திருக்கலாம். அப்போதும் போகாமல்தான் இருந்திருப்பேன், ஆனால் அது நான் கொடுத்ததாக இருந்திருக்கும். இது என் கையில் இருந்து நைசாக எடுத்துக்கொண்டது. அவர் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார், பின்னங்கழுத்தில் முடி நரைத்து ஒட்டிக்கொண்டு கிடக்கிறது, பாவம் பார் பாவம் பார் என்கிறது அந்தக் கழுத்து. பார்க்காதே அரசி.

"மறுபடி பேனல்ல பேரு வந்திருக்கு" என்றேன். "இந்த வாரம் கலந்தாய்வு. எந்த ஊருன்னு தெரியாது."

நிமிர்ந்தார். வாயைத் திறந்தார். என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும், பன்னு என்று ஆரம்பிக்க இன்றைக்கு அவரால் முடியாது, குழம்பு தட்டில் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டார். "உடம்பு தாங்குமா?" என்றார், மெதுவாக.

"அது டாக்டரம்மா சொல்லுவாங்க."

"அப்ப சரி" என்றார். "எனக்குப் பயமாத்தான் இருக்கும். சொல்லிட்டேன்."

"எனக்கும்தான்" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு நிஜம் என்று எனக்கே உறைத்தது. போனை எடுத்து ஜெசிந்தாவின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தேன். நான் ஒரு ராத்திரிகூட ஒரு வீட்டில் தனியாக இருந்ததில்லை. அப்பா வீட்டில் இருந்து இங்கே வந்தேன், அவ்வளவுதான். மலையில் ஒரு அறை, கதவைச் சாத்தினால் நான் மட்டும், காய்ச்சல் வந்தால் நான் மட்டும், மழையில் கரண்ட் போனால் நான் மட்டும். பள்ளிக்கூடத்தில் ஏதாவது தப்பாகப் போனால் கையெழுத்து என்னுடையது. அவருக்குச் சமைக்கத் தெரியாது, அவருக்குச் சமைக்கத் தெரியாது என்று இத்தனை வருஷம் நானும் அதற்குப் பின்னால்தானே வசதியாக நின்றிருந்தேன். இனிமேல் போகவில்லை என்றால் நான் போகவில்லை, அவ்வளவுதான். போய்த் தோற்றால் நான் தோற்றேன். அவர் தட்டைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் சோறு போடவா?" என்றார். போடுங்க என்று தலையை ஆட்டினேன், அவர் எழுந்து போனார், நான் பெயரை அழுத்தினேன். மணி அடித்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தூங்கிக்கொண்டிருப்பாள், இல்லை சர்ச்சில் ஏதாவது கூட்டம் இருக்கும், எடுக்க மாட்டாள், எடுக்காமல் இருந்தால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், நாளைக்குள் என்னென்னவோ மாறலாம், எடுக்காதே ஜெசி, எடுக்காதே.

எடுத்துவிட்டாள்.

"சொல்லு அரசி" என்றாள்.

தலையணையை வயிற்றோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.